விரிசல் தொடங்கிய இடம்

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான். யாரும் கையைப் பிடிக்கவில்லை. மாலை வகுப்பு டீச்சர் நேற்று, "இனிமே உங்களுக்கு நான் எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கூப்பிட்ட எழுத்தெல்லாம் வந்து நிற்கிறது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம்! முதல் கடிதத்தில் உன்னைக் கொஞ்ச வேண்டும் என்றிருந்தேன். கெடுத்துவிட்டாயே, கழுதை.

போனில் திட்டினால், "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். இதை எப்படி வைப்பாய்? உட்கார்ந்து முழுக்கப் படி.

என்ன புரியவில்லை எனக்கு? ராக்கெட்டுக்குள் தீ எப்படி எரிகிறது என்று பார்க்க ஓர் இரும்பு அறை. உள்ளே பயங்கர அழுத்தம். பக்கவாட்டில் கனமான கண்ணாடி ஜன்னல், வெளியே உன் கேமரா. தீ கண்ணாடியைத் தொடாமலிருக்க அதன்மேல் குளிர்ந்த வாயு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது படத்தைக் கலங்கலாக்குகிறது என்று நீதான் குறைத்தாய். படம் பளிச்சென்று வந்தது. கண்ணாடி வெடித்தது. இத்தனையும் நீ சொன்னதுதானே?

பழி மட்டும் நீ ஸ்பானர் அண்ணன் என்று கூப்பிடும் மெக்கானிக் தலையில். கண்ணாடியைப் பொருத்தியவர் அவராம், திருகுகளை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டாராம். உன் மேலதிகாரி அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தபோது நீ வாயை மூடிக்கொண்டு நின்றாய். திருகு இறுகியிருந்தால் விரிசல் ஓரத்தில் தொடங்கும், தொடங்கியது நடுவில், தீ நக்கிய இடத்தில், படத்தில் தெளிவாகத் தெரிகிறது என்று என்னிடம் சொல்கிறாய். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நானா அவருக்குச் சம்பளம் கொடுக்கிறேன்?

நீ காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டில்தானே சாப்பிட்டாய்? இப்போது அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிப் போய் பஸ் பிடிக்கிறாயாம். வெட்கமாக இல்லை?

அம்மா எட்டிப் பார்த்து, "பேனாவை அப்படிக் குத்தாதீங்க, மேஜையிலயும் எழுத்து வந்துடும்" என்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு கூசுகிறது.

அடுத்த வாரம் விசாரணை என்றாய். அந்தப் படத்தைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் வை. வாயுவைக் குறைத்தது நான்தான் என்று சொல். இனி அந்த ஆய்வுக்கூடத்துக்குள் விட மாட்டார்கள், பேர் போய்விடும் என்று அழுதாய். போகட்டும். அவருக்கு மட்டும் பேர் கிடையாதா? சொன்ன கையோடு அவர் வீட்டுக்குப் போ. வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினால் நின்று வாங்கிக்கொள்.

அதுவரை போன் செய்யாதே. நான் எடுக்க மாட்டேன்.

வேலையே போய்விட்டால் கிளம்பி வந்துவிடு. உன் அறை முழுக்க அம்மா பழைய சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறாள். இன்றைக்கே எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டால் தூசி என்று சொல்லிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

கோபம் கொஞ்சமும் குறையாத,
உன் அப்பா