வரியனைக் கேட்கிறார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மீன்களைக் கொன்றது உன் அப்பா. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டுமென்றுதான் பேனாவை எடுத்தேன். நீ சுகமாக இருப்பாய், அங்கே குளிர் விட்டிருக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுதான் கொதிக்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, அங்க மழையா, வேலையெல்லாம் எப்படிப் போகுது என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார். அதனால் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். சின்ன டெட்ரா மீன் இருபத்திரண்டும் போய்விட்டன. கோடு போட்ட உன் வரியன் மட்டும்தான் மிச்சம். அவனையும் சனிக்கிழமை இழந்துவிடுவோம் போலிருக்கிறது, நோயால் இல்லை.

அப்பா கார் ஓட்டும் முதலாளி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், அது முடியும்வரை மூன்று வாரம் வெளியூர் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். கிளம்புகிற அவசரத்தில் அவர்களுடைய நாலு ஏஞ்சல் மீனையும் ஒரு வாளியில் போட்டு, உங்க வீட்லதான் தொட்டி இருக்கே, பாத்துக்கப்பா என்று அப்பா கையில் கொடுத்துவிட்டார்கள். கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்கள். இவரும் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் வாளியை அணைத்துக்கொண்டு வந்தார். புதுசா வந்தத ரெண்டு வாரம் தனியா வைங்க, நம்ம பொண்ணு அப்படித்தான் வைப்பா என்று அப்போதே சொன்னேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாக நிற்கிறவள் நான். தொற்று வார்டுத் துணி சிவப்புப் பையில் வரும், தனி மிஷினில் போகும், ஒரு நாள் மாற்றிப் போட்டால் போட்டவளுக்கு வேலை போய்விடும், மூன்று பேர் வேலைக்கு ஒருத்தியை நிறுத்தியவனுக்கு ஒன்றும் ஆகாது. இத்தனை தெரிந்த நான் சொன்னதற்கு உன் அப்பா சொன்ன பதிலைக் கேள். முதலாளி வீட்டு மீன வாளியில வெக்கிறதா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போயி நிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார். பெரிய இடத்து மீனுக்கு நோய் வராதென்று அவருக்கு யார் சொன்னார்களோ.

ஐந்தாம் நாள் டெட்ராக்களின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப்புள்ளி. எல்லாம் கல்லில் உடம்பைத் தேய்க்கின்றன. வரியன் வாலில் மட்டும் ஏழு புள்ளி எண்ணினேன். வேலை முடிந்த சீருடையோடு நீ வாங்குகிற அதே மீன் கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்காரி நல்ல மாதிரி, வாய்தான் நீளம். எங்கேயோ புடிச்ச மீனை உள்ள உட்டுட்டு எங்கிட்ட வந்து அழுவீங்க என்று முதலில் திட்டிவிட்டுத்தான் வைத்தியம் சொன்னாள். தண்ணிச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா முப்பதுக்கு ஏத்துங்கக்கா, வடிகட்டியில இருக்கிற கரியை எடுத்துடுங்க, இல்லன்னா மருந்தை அதுவே குடிச்சிடும், அடிக்கல்லை தெனம் உறிஞ்சி எடுங்க, கோடு போட்டவன் மருந்து தாங்க மாட்டான், அளவுல பாதிதான் விடணும் என்றாள். புள்ளி மறைஞ்சதும் நிறுத்திடாதீங்க, அது கீழ விழுந்து பெருகுற நேரம், அந்தக் குட்டி நீந்தி வரும்போதுதான் மருந்துக்குச் சாகும் என்று இரண்டு தடவை சொன்னாள். அத்தனையையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மருந்து விட்டதும் தண்ணீர் பச்சையாகிவிட்டது. நாலே நாளில் புள்ளி குறைந்தது, எனக்கும் மூச்சு வந்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது முதலாளி அம்மா போன் செய்து, குழந்தை மீனைப் பாக்கணும்னு அடம் புடிக்குது, மத்தியானம் வீடியோவில வர்றோம் என்றார்களாம். அப்பா பச்சைத் தண்ணீரைப் பார்த்தார். இதை எப்படிக் காட்டுவது என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை. முக்கால் தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றி, வடிகட்டிப் பஞ்சைக் கார் துடைக்கிற துணி மாதிரி குழாயடியில் பிழிந்து பிழிந்து அலசி, கரியையும் திரும்ப உள்ளே வைத்து, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். தண்ணீரைக் கெடாமல் வைக்கிற நல்ல கிருமி அந்தப் பஞ்சில்தான் இருக்கிறதென்று நீ நூறு தடவை சொல்லியிருப்பாய். நான் வந்தபோது தொட்டி கடை வாசலில் நிற்கும் புதுக் கார் மாதிரி இருந்தது. ரெண்டே நாளில் டெட்ராக்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மறுபடி புள்ளி, முன்னைவிடப் பெரிதாக. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அவர்களுடைய ஏஞ்சல் நாலும் செட்டை விரித்துக்கொண்டு உலாத்துகின்றன. போன மாசம் எங்களுதுக்கும் இப்படித்தான் புள்ளி வந்துச்சு, தானாப் போயிடுச்சு என்று அந்த அம்மா வீடியோவில் சிரித்துக்கொண்டே சொன்னதாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று இதை உன் அப்பா என்னிடம் சொல்கிறார்! தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள் பாப்பா. தேறின மீன் நோயைச் சுமந்துகொண்டு வரும், தனக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரி பிறகுதான் விளக்கினாள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை கல்லை உறிஞ்சுகிறேன், முதுகு விட்டுப்போகிறது. நேற்றுத்தான் வரியன் தான் ஒளிந்துகொள்ளும் ஓட்டைக் குழாயைவிட்டு வெளியே வந்து இரையில் வாயை வைத்தான். அந்தச் சந்தோஷம் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. சனிக்கிழமை வர்றோம், மீனைக் கொண்டாந்துடு, அந்தக் கோடு போட்டதையும் சேத்துப் போட்டுடு, குழந்தைக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு என்று அந்த அம்மா போன். இவர் சரிங்கம்மா என்றார். ஒன்பது வருடமாக நீ வளர்த்தவனை, விரல் நீளம் இருந்தபோதிலிருந்து நீ வளர்த்தவனை, ஒரு சரிங்கம்மாவில். மருந்து பாதியில் இருக்கும்போது வாளியில் தூக்கிப்போய்ப் புதுத் தண்ணீரில் விட்டால் அவன் ஒரு வாரம் தாங்க மாட்டான். அவ மீன அவளைக் கேக்காம எப்படிக் கொடுப்பீங்க என்று கத்தினேன். ஒரு மீனுக்காகப் பதினாறு வருஷ வேலையைக் கெடுத்துக்கச் சொல்றியா, இந்த வயசுல எவன் எங்கிட்ட வண்டிச் சாவியைக் கொடுப்பான் என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்க மாட்டேன் என்கிறது. இல்லை என்று சொன்னால் வேலை போகும் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையே வரவில்லை.

நீ அங்கே இப்படி இருக்காதே. லீவு நாளில் வேலைக்கு வா என்று கூப்பிட்டால் எதற்கு என்று கேள், கேட்டுவிட்டுப் போ. இருமல் இன்னும் இருந்தால் டாக்டரிடம் காட்டு, தானாகப் போய்விடும் என்று விடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு யாருக்கும் கை கட்டி நிற்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போனைக் கொண்டுபோய் உன் அப்பா முன்னால் வைத்தேன். இப்பவே கூப்பிடுங்க, அது எங்க பொண்ணு மீனு, தர முடியாதுன்னு உங்க வாயால சொல்லுங்க என்றேன். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன்
அம்மா