மடியில் கிடத்திய படம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று என் மகள் தேன்மொழியை அறைந்துவிட்டேன். வடக்கே எம்.ஏ. படிக்கிறாள், வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் தீட்டிய படங்களைப் பற்றி. லீவுக்கு வந்தவள் லேப்டாப்பில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த ஏசுநாதர் மாதா மடியில் கிடக்கிறார். விலாவில் குத்து. மூன்று வருஷம் முன்பு குறுவைக்கு மடை திறந்த சண்டையில் என் மகன் முருகனைக் குத்திக் கொன்றதும் அதே விலாவில்தான்.

“காஞ்ச ரத்தத்தை எப்படிக் கொண்டுவந்திருக்கான் பாரும்மா” என்றாள்.

கை நீண்டுவிட்டது. “அண்ணன் ரத்தம் பத்தலையாடி உனக்கு?”

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “இந்த மாதாவுக்குப் புள்ளைய மடியில குடுத்தாங்க. ஆஸ்பத்திரில அறுத்த ஒடம்பு வாசப்படி ஏறக்கூடாதுன்னு அண்ணனைப் பெரியப்பா வண்டியோட சுடுகாட்டுக்கு அனுப்பிட்டாரு. நீ தொட்டியா? அதுக்குத்தாம்மா இதையே எடுத்துப் படிக்கிறேன்.”

தொடவில்லை. ஆம்புலன்ஸ் கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

பிறகு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாதா தலையைக் குனிந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

“குத்துனவனை இவ சும்மாவா விட்டா?”

“சும்மாதாம்மா விட்டா.”

“வரைஞ்சது ஆம்பளையா?”

“ஆமா.”

“அதான். பொம்பள வரைஞ்சிருந்தா குத்துனவன் தலை பக்கத்துல கெடக்கும்.”

தேன்மொழி என்னையே பார்த்தாள். “பொம்பள ஒருத்தி வரைஞ்சிருக்காம்மா. வேற கதை. ரெண்டு பொம்பளைங்க ஒருத்தனை அமுக்கிப் பிடிச்சுக் கழுத்தை அறுக்குறாங்க.”

“காட்டு” என்றேன்.