பெயர் மாற்றி எழுதிய கதை

அன்புள்ள சிஸ்டர்,

போன செவ்வாய்க்கிழமை சர்க்கரை அளவு பார்க்க இங்கே சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். ஊசி குத்துவதற்கு முன்பே எனக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னா தாத்தா, பயமா இருக்குதா? எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள். ஆமாம், பயம்தான் என்று தலையாட்டி வைத்தேன். அந்த வாசனையோடு நீங்கள் வந்து நின்றதை முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆன பிறகும் உங்கள் கைப்பையில் அதே வாசனைதான். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, பஞ்சு டப்பா, அவற்றுக்கு அடியில் கசங்காமல் வைத்த நம் சபையின் மாத மடல்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களுக்குக் கடிதம் எழுத எனக்குத் தகுதி உண்டா என்று இந்த எட்டு மாதமும் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாதம் அது. கடலூர் முதுநகரில் நம் ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு விண்ணப்பம் வைத்தார். ஜனங்கள் நொறுங்கிப்போயிருக்கிறார்கள், பிரசங்கம் கேட்கும் நிலையில் பலர் இல்லை, வீட்டில் உட்கார்ந்து படிக்கும்படி சின்னச் சின்னக் கதைகளாக யாராவது எழுதித் தந்தால் ஆறுதலாக இருக்கும் என்றார். நான் குனிந்து என் பாட்டுப் புத்தகத்தின் பிய்ந்த தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"ஐயா, நம்ம லைப்ரரி பிரதர் எழுதுவாரு. அவரு கையத் தூக்க மாட்டாரு. அவருக்குப் பதிலா நான் தூக்குறேன்."

ஆலயம் முழுவதும் சிரித்தது. கல்லூரி நூலகத்தில் முப்பத்திரண்டு வருடம் புத்தகங்களுக்கு அட்டவணை எழுதியவன் நான். மற்றவர்கள் எழுதியதை வரிசைப்படுத்தத் தெரியும். சொந்தமாக ஒரு கதை எழுத வருமா என்று எனக்கு அன்றைக்கும் சந்தேகம், இன்றைக்கும் சந்தேகம். ஆனால் நீங்கள் கையைத் தூக்கிவிட்டீர்கள்.

மாதம் ஒரு கதை, இரண்டு பக்கம், அதுதான் மாத மடல். நான் எழுதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பேன். நீங்கள் வீடு வீடாகக் கொண்டுபோவீர்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து படித்தும் காட்டுவீர்கள். ஒருநாள் உங்களோடு நானும் வந்தேன். நீங்கள் படித்து முடித்தபோது ஒரு பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியே வந்ததும் சொன்னீர்கள்:

"கடைசிப் பத்திய நான் படிக்கல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. என் கதையில் ஒரு பத்தி குறைந்தது எனக்கே தெரியவில்லை.

"கதை நல்லாத்தான் இருக்குது பிரதர். உபதேசம்தான் ஜாஸ்தி. டானிக்குல தண்ணி கலந்தா பரவால்ல. நீங்க தண்ணியில டானிக் கலக்குறீங்க."

அதற்கு நான் மனதுக்குள் வருத்தப்பட்டேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கடைசிப் பத்திதான் ஒரு விசுவாசிக்குக் கொடுக்கவேண்டிய பலம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போதே நான் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

சபையின் ஜெபக்குறிப்பு நோட்டும் என் பொறுப்பில் இருந்தது. யாருக்கு என்ன கஷ்டம், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று வந்து சொல்வார்கள். நான் கோடு போட்டு, தேதியிட்டு எழுதிவைப்பேன். அதில் உள்ளது ஜெபத்துக்கு மட்டும். வெளியே பேசக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை, போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நம் சபையில் இருந்த எஸ்தருக்காக ஜெபிக்கும்படி நீங்கள் என்னிடம் சொன்னதும் அப்படித்தான்.

எஸ்தரின் ஒரே மகளுக்கு ஏழு வயது. கடல் வந்த அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் போட்ட புதுக் கவுனையே மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, கடலோரத்தில் இருந்த சிநேகிதிக்குக் காட்ட வேண்டும் என்று நின்றிருக்கிறாள். ஆராதனைக்குப் போட வேண்டியதை அழுக்காக்காதே என்று எஸ்தர் ஓர் அறை அறைந்துவிட்டாள். அழுதுகொண்டே வெளியே போன பிள்ளை திரும்பி வரவில்லை. அந்த அறையைப் பற்றி எஸ்தர் தன் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் சொன்னாள். அவள் மனம் தேற ஜெபியுங்கள் என்று நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்.

நான் ஜெபித்தேன். அது மட்டும் செய்திருந்தால் போதும்.

அதைக் கதையாக எழுதினேன் சிஸ்டர். எஸ்தரைப் போன்ற மற்றத் தாய்மாருக்குத் தைரியமாக இருக்கும் என்று நினைத்தேன். எந்தெந்த விவரத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன். தாயின் பெயரை மாற்றினேன். பெண் குழந்தையைப் பையனாக்கினேன். மஞ்சள் கவுனை நீலச் சட்டையாக்கினேன். ஊரை மாற்றினேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று திருப்தியாகப் பேனாவை மூடினேன். தாய் அறைந்ததை மட்டும் மாற்றவில்லை. கதைக்கு அது தேவைப்பட்டது. கடைசிப் பத்தியில் அந்தத் தாய் சபை நடுவே எழுந்து நின்று, கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னாள் என்று சாட்சி போல முடித்தேன்.

அந்த வாரம் உங்களுக்குக் காய்ச்சல். வீட்டு ஜெபக்கூட்டத்தில் நானே படித்தேன். குரல் நடுங்காமல் படித்ததாகக்கூட எனக்கு ஒரு மகிழ்ச்சி. பாயில் மூன்றாவது வரிசையில் எஸ்தர் இருந்தாள். முடித்ததும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் எஸ்தரின் தோளைத் தட்டினாள்.

"கேட்டியா எஸ்தரு? அந்தம்மா எப்படி எந்திரிச்சி நின்னாங்க பாரு. நீயும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லும்மா. மனசு லேசாவும்."

எஸ்தர் எழுந்துதான் நின்றாள். என்னைப் பார்த்தாள். "நான் அடிச்சத இவருக்கு யாரு சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். யாரிடமும் பதில் எதிர்பார்க்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.

அன்றோடு உங்களுக்கும் அவள் கதவு மூடிவிட்டது. உங்களிடம் மட்டும் சொன்னது என் வாயிலிருந்து வந்ததால், நீங்கள்தான் காட்டிக்கொடுத்துவிட்டதாக அவள் நினைத்தாள். நாலு முறை போய்த் திரும்பி வந்தீர்கள். சில மாதங்களில் அவள் கணவனுக்குக் கீரப்பாளையத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போய்விட்டது. நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். "எழுதினது நீங்க, சொன்னது நான். ரெண்டு பேருக்கும் பங்கு இருக்குது" என்றதோடு நிறுத்திக்கொண்டீர்கள்.

நான் எழுதுவதை விட்டேன். மூன்று மாதம் மடல் வரவில்லை. நாலாவது மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஒரு ஊசி தப்பாப் போட்டதுக்கு வேலைய விட்டுடணும்னா, நானெல்லாம் முதல் வருஷமே வீட்டுக்குப் போயிருக்கணும் பிரதர். எழுதுங்க. ஆனா அழுதுக்கினு இருக்கவங்கள எந்திரிச்சி நிக்க வெக்காதீங்க. பக்கத்துல போய் உக்காருங்க, அது போதும்."

அதற்குப் பிறகு எழுதிய எந்தக் கதையிலும் நான் கடைசிப் பத்தி எழுதவில்லை. மருத்துவச் செலவுக்குப் பயந்து நோயை மறைத்த கணவன், பரீட்சையில் தோற்ற பெண், சபையோடு கோபித்துக்கொண்டு வாசல்வரை வந்து நிற்கும் கிழவர் என்று எழுதிக்கொண்டே போனேன். எல்லாம் கற்பனை. ஜெபக்குறிப்பு நோட்டை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

2008இல் மகன் வீட்டோடு இருக்கச் சிதம்பரம் வந்தேன். மடலைத் தபாலில் அனுப்பினேன். மாத முதல் வாரம் உங்கள் தொலைபேசி அழைப்பு வரும். கதையைப் பற்றி நாலு வார்த்தை, என் முழங்காலைப் பற்றி இரண்டு வார்த்தை, பிறகு அந்தக் கேள்வி.

"கீரப்பாளையம் போனீங்களா?"

இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. போய் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், சொன்னது நீங்களானாலும் ஊரறியச் செய்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நீங்கள் என்னிடம் எதிர்பார்த்தது. மழை என்பேன். முழங்கால் என்பேன். பேரனுக்குப் பரீட்சை என்பேன். ஒருநாள் உண்மையாகவே பஸ் ஏறினேன். கீரப்பாளையத்தில் இறங்கி வழி கேட்டேன். தெருவைக் காட்டினார்கள். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். டீ ஆறியது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த மாதம் நீங்கள் கேட்டபோது, "போனேன் சிஸ்டர். வீடு பூட்டியிருந்தது" என்றேன்.

"சரி பிரதர். இன்னொரு நாள் தொறந்திருக்கும்" என்றீர்கள்.

போதகர்தான் எனக்குத் தகவல் சொன்னார். நீங்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றார். கடலூருக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. உங்கள் வீட்டில் கூட்டம். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு பெண் உங்கள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். எஸ்தர்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் அவளாகவே என்னிடம் வந்தாள்.

"அக்கா மாசா மாசம் வருவாங்க சார், உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"மொதல்ல வாசல்லயே நிப்பாங்க. நான் பேச மாட்டேன். பிரஷர் பாக்கட்டுமான்னு கேப்பாங்க. அப்படியே ஒரு வருஷம் ஓடுச்சு. அப்புறம் உள்ள வரச் சொன்னேன். உங்க கதையெல்லாம் படிச்சிக் காட்டுவாங்க."

கடலூரிலிருந்து கீரப்பாளையம் போகச் சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கித்தான் மாற வேண்டும். அங்கிருந்து என் மகன் வீடு பத்து நிமிட நடை. வீங்கிய கால்களோடு மாதம் ஒருமுறை என்னைக் கடந்து போயிருக்கிறீர்கள்.

"நீங்க டீக்கடையில உக்காந்திருந்தத நான் பாத்தேன் சார்" என்றாள் எஸ்தர். "அக்காகிட்ட சொன்னேன். மறுபடி வந்தா இழுத்துக்கினு வரட்டுமான்னு நானே கேட்டேன். வேணாம், அவரே வருவாருன்னாங்க."

அப்படியென்றால், பூட்டியிருந்தது என்று நான் சொன்னது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் அதே கேள்வியைக் கேட்டீர்கள், முதல் தடவை கேட்பதுபோல.

நான் வாசலிலேயே கைகூப்பினேன். "தப்புப் பண்ணிட்டேம்மா. நீ அவங்களை நம்பிச் சொன்னதை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

"அது ஒருநாள் கோவம் சார்" என்றாள். "அப்புறம் வந்த கோவம் வேற. பேர மாத்திட்டீங்களே. அவள ஆம்பளப் புள்ளையா ஆக்கிட்டீங்க. சட்ட போட்டு வுட்டீங்க. அவ கவுனு போட்டுக்கினு போனா சார். அதுக்குத்தான் அடிச்சேன். உங்க கதையில என் பொண்ணே இல்ல, நான் குடுத்த அடி மட்டுந்தான் இருக்குது."

அடுத்த சனிக்கிழமை கீரப்பாளையம் போனேன். டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. எஸ்தர் பாய் விரித்தாள். மகளைப் பற்றிப் பேசினாள். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள். ஆலயத்தில் பாட்டு முடிந்த பிறகும் ஒரு வரி தனியாகப் பாடுவாள். தலை பின்னும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நூறுவரை எண்ணுவாள். கவுனில் இடுப்புக்குக் கீழே இரண்டு அடுக்கு லேஸ். எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரோட எழுதுங்க" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அறையையும் அவளே எழுதச் சொன்னாள். அழுதுகொண்டே போனாள் என்ற இடத்தில் என் பேனா நின்றது. அதுவரை எழுதியதை உரக்கப் படித்தேன்.

கேட்டு முடித்து, "அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதாம்மா எழுதியிருக்கேன்."

தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "சரிதான் சார். ஏழு வயசு வரைக்குந்தானே" என்றாள்.

மடலில் போடலாமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம், இது எங்கள் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டாள். நான் நகல் எடுக்கவில்லை. இத்தனை வருடங்களில் எழுதியதில், யாரோ ஒருவருக்காவது உதவியது என்று நான் துணிந்து சொல்லக்கூடிய பக்கம் அது ஒன்றுதான். அதை நீங்கள் படிக்கவில்லை. நான் சீக்கிரம் போயிருந்தால் அன்று அந்தப் பாயில் நீங்களும் இருந்திருப்பீர்கள். இந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் குற்றம் என் பக்கம்தான் வருகிறது, சிஸ்டர்.

அந்தக் குழந்தையின் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, அது எஸ்தர் வீட்டுத் தாளில் மட்டும் இருக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த பெயர்தானே. காலை ஜெபத்தில் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். அதற்கு அடுத்ததாக உங்கள் பெயரைச் சொல்கிறேன்.

உங்கள் பிரதர்