மணாலியில் எடுத்த கல்

மே 2, வியாழன்

நான் அப்போதே சொன்னேன். கவிநிலா ஒருநாள் இமயமலைக்குக் கிளம்புவாள் என்று, அவள் ஒன்றாவது படிக்கும்போதே சொன்னவன் நான். யாரும் காதில் வாங்கவில்லை. இன்று காலை என் தங்கை தமிழ்செல்வி போன் போட்டு, மகள் மணாலிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், அதுவும் தனியாக, என்று அழுதாள். எனக்கு ஆச்சரியமே இல்லை. வருத்தப்படுவது போல் குரலை வைத்துக்கொண்டேன்.

மே 3, வெள்ளி

ஊர் சுற்றும் ஆசை மனிதனுக்கு முதன்முதலில் எதிலிருந்து வருகிறது? இதை என்னளவுக்கு ஆராய்ந்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது. படிப்பு ஒன்பதாவதோடு நின்றதால் ஆராய நேரம் கிடைத்தது. கிரிவலப் பாதையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டு விடுதியில் மேனேஜராக இருக்கிறேன் (முதலாளி ரூம் பாய் என்பார், அவருக்கு இங்கிலீஷ் போதாது). வந்து தங்குகிறவர்களையெல்லாம் கேட்டிருக்கிறேன். ஒரு ஜெர்மன்காரர், அப்பா சுவரில் மாட்டிய மேப் என்றார். புனேயிலிருந்து வந்த அம்மாள், பஸ்ஸில் ஜன்னல் சீட் என்றாள். இன்னொருவர், மாமியார் என்றார்.

எல்லாம் தப்பு. ஒருத்தன் போய்விட்டு வந்து சரியாகச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கேட்கிறவனுக்குக் கால் தரையில் நிற்காது.

அதற்கு அத்தாட்சி கவிநிலா. அவள் ஒன்றாவது படிக்கும்போது, விடுதியில் தங்கியிருந்த ஒரு கூட்டம் மணாலிக்குப் போனது; சமையலுக்கு ஒத்தாசையாக என்னையும் கூப்பிட்டது. பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தவன், அவள் கையில் ஒரு கல்லை வைத்தேன். கறுப்புக் கல், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பனி உள்ளே இறங்கி உறைந்ததுதான் அந்தக் கோடு என்றேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா மாமா, ஜில்லுனு இருக்குது" என்றாள். அன்றைக்கு ஏறியது. இன்னும் இறங்கவில்லை.

மே 6, திங்கள்

தமிழ்செல்வி நேரிலேயே வந்துவிட்டாள். போளூரிலிருந்து பெண் பார்க்க வரப்போகிறார்களாம். பெண் எங்கே என்றால் மணாலி என்று சொல்ல முடியுமா என்கிறாள். நான் முடியும் என்றேன். முறைத்தாள்.

"நீதாண்ணா அவ தலையில ஏத்துன. நீயே எறக்கு. உன் பேச்சுனா கேப்பா."

அது உண்மை. தாய்மாமன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த டிக்கெட் ரத்து. என்ன வார்த்தை என்றும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

மே 7, செவ்வாய்

கவிநிலாவைப் பார்க்கப் போகவில்லை. வயிறு சரியில்லை.

மே 8, புதன்

வயிறு சரியாகிவிட்டது. ஆனாலும் போகவில்லை.

மே 10, வெள்ளி

போனேன். கவிநிலா வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். மதியம் வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். வரும் வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பாப்பா, இப்படி உட்காரு, உன்னிடம் ஒரு விஷயம்... என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பையிலிருந்து கர்ச்சீப் முடிச்சு ஒன்றை எடுத்தாள். பிரித்தால், அந்தக் கல்.

"எங்க எடுத்தீங்களோ அங்கயே வெச்சுட்டு வரப்போறேன் மாமா. எடுத்தவரு நீங்க, வெக்கிறவ நானு. கணக்கு சரியா?"

சரி என்றேன். அப்புறம், ஒரு யாக் மாடு என் கம்பளியைத் தின்ற கதையைச் சொன்னேன். போன வருஷம் சொன்னபோது பாதிக் கம்பளிதான் தின்றிருந்தது. டீக்கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது, விடுதியில் யாரோ விட்டுப்போன ஸ்வெட்டரை அவளிடம் கொடுத்திருந்தேன்.

தமிழ்செல்விக்கு போன் செய்து, எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை என்றேன். "நீ இன்னா சொல்லியிருப்பேனு எனக்குத் தெரியாதா" என்று வைத்துவிட்டாள்.

மே 20, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். சென்னை, அங்கிருந்து டெல்லி ரயில். சென்ட்ரலில் எந்தப் பக்கம் உட்கார இடம் கிடைக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று விவரமாகச் சொன்னேன். சென்ட்ரலை என்னைப் போல் அறிந்தவர் கம்மி. "டெல்லியில இறங்கி எப்படிப் போகணும் மாமா?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. நல்ல டிரைவர்.

மே 23, வியாழன். பௌர்ணமி

கிரிவலம் போனேன். மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, பதினாலு கிலோமீட்டரும் தனியாக. பௌர்ணமிக்கு கவிநிலா இல்லாமல் சுற்றுவது இதுதான் முதல் தடவை. ஆதி அண்ணாமலையை நெருங்கும்போது வழக்கம்போல் யாக் கதையை எடுத்தேன். பக்கத்தில் வந்த ஆள் வேகமாக நடந்துவிட்டார்.

மே 25, சனி

மணாலியிலிருந்து போன். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். கல்லை எங்கே எடுத்தீர்கள், இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறாள்.

ஒரு கணம்தான். ஆற்றோரம், மரப்பாலம் தாண்டி, வளைந்த ஒரு தேவதாரு, அதன் அடியில் என்றேன். மலை ஊர் என்றால் ஆறு இருக்கும். ஆறு இருந்தால் பாலம் இருக்கும். மரத்துக்கென்ன பஞ்சம்? நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன் என்றாள்.

மே 27, திங்கள்

நேற்றிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை. மலையில் டவர் கம்மி என்று தமிழ்செல்விக்கு அனுபவஸ்தன் முறையில் விளக்கினேன்.

மே 28, செவ்வாய்

இன்றும் எடுக்கவில்லை. ஸ்விட்ச் ஆஃப். மழை என்று டிவியில் காட்டுகிறான். எந்த ஊர் மழையோ.

பாலமாவது மரமாவது. இல்லாத மரத்தைத் தேடிட்டு எந்தப் பள்ளத்துல எறங்குச்சோ அந்தப் பொண்ணு. டீக்கடையில ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் வேங்கிக்கால்ல உக்காந்து டைப் அடிச்சிட்டிருப்பா. எதுக்குடா சின்னசாமி உனக்கு இவ்ளோ வாய்?

தமிழ்செல்வி வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. மகள் நம்பரையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டியிருக்கலாம்.

மே 29, புதன்

போட்டோ வந்துவிட்டது. போன் தண்ணீரில் விழுந்து இரண்டு நாள் அரிசியில் கிடந்ததாம். போட்டோவில் ஆறு, பெரிய பெரிய பாறை, நடுவில் நம் கல். என் ஸ்வெட்டர்.

நான் அப்போதே சொன்னேன், ஒன்றும் ஆகாது என்று.

ஜூன் 5, புதன்

கவிநிலா வந்துவிட்டாள். மூக்கு தோல் உரிந்திருக்கிறது. பேச்சு ஜாஸ்தியாகிவிட்டது. அடுத்தது வடகிழக்கு என்கிறாள். தமிழ்செல்வி பக்கத்து வீட்டுக்கெல்லாம் போட்டோ காட்டுகிறாள். போளூர்க்காரர்களுக்கும் அனுப்பினாளாம். மாப்பிள்ளைப் பையன், அங்கே குளிர் எவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்கிறான். பார்க்கலாம்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கல்லைக் கையில் வைத்தாள். வெள்ளைக் கல், வழவழவென்று.

"இது அந்த ஆத்துல எடுத்தது மாமா. நீங்க அந்தக் கல்லை எடுத்த எடத்துல இதை வெச்சிடுங்க. ஆதி அண்ணாமலைக்கு இந்தாண்ட, புளியமரத்தாண்ட."

நான் ஸ்வெட்டரைப் பற்றி ஏதோ கேட்டேன்.

"எட்டாவது படிக்கிறப்பவே தெரியும். அங்க பூரா அதே கல்லு, அதே கோடு. அந்த எடம் வந்தா மட்டும் நீங்க சத்தமா பேசுவீங்க."

பிறகு எதற்குப் போனாய் என்றேன்.

"நீங்க போவலனு தெரிஞ்சப்புறம்தான் ஆசை ஜாஸ்தியாச்சு. அவ்ளோ நல்லா இருக்கிற ஊருக்கு யாராவது ஒருத்தராவது போவணும்ல?"

வளைந்த மரம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. நேரா."

ஜூன் 21, வெள்ளி. பௌர்ணமி

விடியற்காலையிலேயே கிளம்பி, இரண்டு பேரும் கிரிவலம். புளியமரத்தடியில் வெள்ளைக் கல்லை வைத்தேன். அந்த இடத்தில் முதல் முறையாக நான் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். யாக் மாடு பக்கத்தில் பார்த்தால் அவ்வளவு பெரிதில்லையாம்.

மலையே சிவன் என்பார்கள். அதிலிருந்து ஒரு துண்டை இமயமலைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். சாமியையே டூர் அனுப்பிய ஆள் இந்த ஊரில் வேறு யாராவது இருந்தால் காட்டட்டும்.

மற்றபடி நான் சொன்னதில் பெரிய தப்பொன்றும் இல்லை. கூட்டம் கூப்பிட்டது நிஜம். மூட்டை தூக்கிக்கொண்டு சென்ட்ரல் வரை போனது நிஜம். ரயில் ரொம்ப நீளமாக இருந்தது. அந்தப் பதினைந்து நாளும் காட்பாடியில் சிநேகிதன் கோதண்டராமன் வீட்டில், ஸ்டேஷனுக்குப் பின்னால், வடக்கே போகிற வண்டிகளின் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

ஒரே ஒரு விவரம்தான் சொல்லாமல் விட்டது. அந்த ரயிலில் நான் ஏறவில்லை.