எட்டாம் சுற்றில் றிபாஸ்

ஓகஸ்ட் 9, சனி

மேற்கிலிருந்து கச்சான் காற்று. கழுவிப் போட்ட சேலை அரை மணியில் காய்ந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக் கணித விடைத்தாள்கள் திருத்தி முடித்தாயிற்று. விடுமுறை முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு வெல்லாவெளி பஸ் ஏறத் தேவையில்லை.

பின்னேரம் காத்தான்குடி. பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் யாருக்கோ போனில்: "எங்கட வயல் வட்டைக்க இன்னும் வெட்டு மிசின் வரல்ல." றிபாஸின் போன் திருத்தும் கடைப் பின்னறையில் ஆறு ஆட்டம். அவர் நான்கு, நான் இரண்டு. ஐந்து வருடமாக இந்தப் பட அட்டை விளையாட்டில் எனக்கு எதிராளி அவர், அவருக்கு நான். இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. கொழும்புத் தகுதிப் போட்டியில் இருவருமே தேறினோம். வியாழன் பயணம், கோலாலம்பூர். உலகப் போட்டி.

எடுக்க: பாஸ்போட், அட்டைக் கட்டு, அட்டைகளுக்கு மேலதிக உறைகள், தலையிடி மாத்திரை, கம்பளிச் சட்டை (மண்டபம் குளிராம்).

அம்மா: "கடதாசி விளையாடவா புள்ள பிளேன் ஏறிப் போறாய்? அதுவும் அந்தத் தம்பியோட?"

"அவர்ட மனுசியும் வாறாம்மா."

"அப்ப சரி."

ஓகஸ்ட் 15, வெள்ளி

கோலாலம்பூர். மழை. மண்டபத்தில் ஒரு பாதி வீடியோ கேம்காரருக்கு: பெரிய திரை, வர்ணனை, கூச்சல். மறுபாதி எங்களுக்கு: நீள மேசைகள், அட்டை கலைக்கும் சத்தம் மட்டும். பதிவு மேசையில் நாட்டின் பெயரை இரண்டு தரம் கேட்டார்கள்.

நாளை எட்டுச் சுற்று, சுற்றுக்கு மூன்று ஆட்டம். ஆறு வென்றால்தான் ஞாயிறு விளையாடலாம். றி.யின் மனைவி ஸிப்னா இடியப்பம் தேடிப் போய் ரொட்டியோடு வந்தா.

ஓகஸ்ட் 16, சனி

ஏழு சுற்று முடிய நான் 5 வெற்றி, 2 தோல்வி. றி.யும் அதே. இரண்டாம் சுற்றில் ஒரு ஜப்பான்காரர் பத்து நிமிடத்தில் என்னை முடித்துவிட்டு, எழுந்து குனிந்து வணங்கினார்.

எட்டாம் சுற்றுப் பட்டியல். என் பெயருக்கு எதிரே றி.யின் பெயர்.

"இதுக்கு வீட்டயே இருந்து விளையாடியிருக்கலாம் டீச்சர்," என்றார். சிரிக்கவில்லை.

முதல் ஆட்டம் எனக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவது பாதியில் நிற்க நேரம் முடிந்தது. கூடுதலாகத் தந்த முறைகளும் முடிந்தன. இனிச் சமநிலைதான். சமநிலை என்றால் இருவருமே வெளியே.

நடுவர் முடிவுத் தாளை மேசையில் வைத்தா. யாராவது விட்டுக்கொடுப்பதென்றால் ஒப்பமிட முன் சொல்லலாம், விதியில் இடமுண்டு. யார் விடுவது என்று மட்டும் நடுவர் சொல்லக்கூடாதாம்.

எனக்கு மிஞ்சிய உயிர்ப்புள்ளி 3 (பூச்சியமானால் தோல்வி). அவருக்கு 11. இன்னும் இரண்டு முறை இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். அவருக்கும் அது தெரியும். அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசாமலிருந்தால் அவரே விட்டுத் தருவார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"நீங்க போங்க," என்றேன்.

"டீச்சர்..."

"ஆட்டம் உங்கடதான்."

ஒப்பமிட்டேன். முகம் கழுவப் போனேன். இரண்டு தரம் கழுவினேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

றி. ஒன்று வென்றார், மூன்று தோற்றார். பின்னேரம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. ஸிப்னாவும் நானும் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தோம். கடைசி ஆட்டத்தில் ஒரு அட்டையை அவசரப்பட்டு இறக்கினார். நானென்றால் பிடித்து வைத்திருப்பேன்.

ஸிப்னா: "இவர் ராவு முழுக்க நித்திரை கொள்ளல்ல. உங்களுக்குக் கோபமா டீச்சர்?"

"இல்ல."

கோபமில்லை, உண்மைதான். ஆனால் அவர் தோற்றபோது ஒரு சின்ன நிம்மதி. பிறகு வெட்கம்.

ஓகஸ்ட் 20, புதன்

தேற்றாத்தீவு. வீடு. காற்று குறையவில்லை. பயண உடுப்பெல்லாம் கழுவல். இறால் கறி.

அம்மா: "போட்டியில வெண்டியா?"

"இல்லம்மா."

"ம். சோத்தப் போட்டுத் தின்."

விட்டது நியாயம் பார்த்தா, ஞாயிறு விளையாடப் பயந்தா? நான்கு நாளாக இதே கேள்விதான். தெரியவில்லை. றி.யிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. நானும் போடவில்லை.

ஓகஸ்ட் 23, சனி

காத்தான்குடிக்குப் போவதா, விடுவதா. போனேன். றி. யாரோ ஒருவரின் உடைந்த திரையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிளேன்டீ சொன்னார். குடித்து முடித்தோம்.

பிறகு, தலை நிமிராமல்: "ஒரு விசயம் சொல்லணும் டீச்சர். அண்டைக்கு உங்கட இடத்தில நான் இருந்தா விட்டுத் தந்திருக்க மாட்டன். சமநிலை எண்டே ஒப்பம் வெச்சிருப்பன்."

"தெரியும்," என்றேன்.

பொய். தெரியாது. அவராக இருந்தால் விட்டுத் தந்திருப்பார் என்றுதான் இந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன்.

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"ஓம். அட்டையக் கலைங்க, நேரம் போகுது."