ஏழாவது குட்டி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கு நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது. பழுது பார்க்க வந்தவர், வாசலில் கிடக்கும் சின்னச் செருப்பைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு, ஓரமாக வைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நம் பெண் வாலு நம்மை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

நேற்று பதிப்பாசிரியர் அம்மா போன் செய்தார். நீங்கள் எழுதி நான் படம் வரையும் நம் புத்தகத்தில் ஏழு ஆட்டுக்குட்டிகளை ஆறாக மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறீர்களாம். ஓநாய் நுழையும் படத்தில் எப்படியும் ஆறுதான் இருக்கிறது, முதல் படத்தில் ஒன்றை அழித்தால் வேலை முடிந்தது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இந்த ஐந்து மாதத்தில் எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

ஏழாவதை வரைய எனக்குக் கை வரவில்லை என்று நினைத்து, எனக்காகத்தான் குறைத்திருப்பீர்கள். உங்களைத் தெரியாதா? ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேலை வேலை என்று அந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டால் எப்படிக் கேட்பீர்கள்?

ஓநாய் நுழையும் அந்தப் படம் வாலு இருந்தபோதே வரைந்தது. கடைக்குட்டி கடிகாரப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறதே, கதவிடுக்கில் அதன் ஒரு காதை மட்டும் காட்டலாம் என்று பென்சிலை எடுத்தேன். வாலு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வரையாதம்மா. நீ வரைஞ்சா ஓநாய் பாத்துடும்." கதவைச் சாத்தியே வரைந்தேன். ஏழாவது உள்ளேதான் இருக்கிறது.

கடைசிப் பக்கம் பாக்கி. ஓநாய் போன பிறகு வீடு திரும்பும் தாய் ஆடு கடிகாரப் பெட்டியைத் திறக்க வேண்டும். அறை, தரைவிரிப்பு, மேசைக்கால் வரைக்கும் வண்ணம் தீட்டிவிட்டேன். கதவு மட்டும் சாத்தியே இருக்கிறது. திறந்தால் உள்ளே ஓர் ஆட்டுக்குட்டிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏழு ஏழாகவே இருக்கட்டும் என்று அந்த அம்மாவுக்கு எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். அதற்குள் வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். கதவை நான் திறக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது காலடியைப் பார்த்து வாருங்கள், செருப்பு அங்கேயேதான் இருக்கிறது.

உங்கள்
வீட்டுக்காரி