சோம்பலுக்கு ஒரு மாத்திரை

தங்கச்சி,

என் மூத்த பேத்தி ஆடிட்டர் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். சின்னவன் கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டான். உன் மகள் செல்வியின் பையன் பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்த மூளை நம் அப்பாவுடையது, அவன் அப்பன் வீட்டுடையது இல்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனாலும் உன்னிடம் சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கிறது.

இதை எழுதும்போது என் எதிரே ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆறு மாதமாக எனக்கு ஒரே அசதி. காய் வாங்கி வீடு திரும்புவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. மகன் தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். அவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வெயில்லயும் குளிருதாம்மா? எவ்வளவு தூங்கினாலும் அசதி போகலையா?"

அவர் கேட்கக் கேட்க எனக்கு உன் முகம்தான் வந்தது.

தொட்டியத்திலிருந்து நீ வந்திருந்த அந்தக் கோடை. எல்லோரும் மின்விசிறிக்கு அடித்துக்கொள்ள, நீ மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தாய்.

"மகாராணிக்குக் காப்பி படுக்கைக்கே வரணுமோ?" என்றேன்.

"ஒடம்பு ஈரச் சாக்கு மூட்டையாட்டம் கனக்குதுக்கா. இங்க திருச்சியிலயே ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோமா?"

"சோம்பலுக்கு எந்தக் கடையிலடி மருந்து விக்கிறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு பாத்திரம் விடாமல் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாய். அதற்கப்புறம் டாக்டரைப் பற்றி நீ கேட்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களிடம், "கொடுத்து வெச்சவ" என்று நானும் சொன்னேன்.

ரத்தம் பார்த்ததில் எனக்குத் தைராய்டு குறைவாம். வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். எழுந்து வாசல் வரை போனவள் திரும்பி வந்து உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"இருந்திருக்கலாம்மா. டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது. அவங்க பொண்ணைப் பார்த்துக்கச் சொல்லுங்க."

காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மிளகளவுகூட இல்லை. தெருமுனைக் கடையிலேயே விக்கிறாங்கடி. அதைப் போட்டபின் ஒரு மணி நேரம் காப்பி குடிக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரமும் எனக்கு உன்னோடுதான் கழிகிறது.

நேற்று செல்விக்குப் போன் செய்தேன். "எனக்கென்ன பெரியம்மா, கொஞ்சம் சோம்பல், அவ்ளோதான்" என்றாள். உன்னுடைய அதே கம்மிய குரல்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதடி!" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனாள். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க வருகிறாள். நானும் கூடப் போகிறேன்.

என்னிடம் இருப்பது உன் படம் ஒன்றே ஒன்று, செல்வி கல்யாணத்தில் எடுத்தது. முகம் வீங்கி, கண் பாதி மூடி நிற்கிறாய். "போட்டோவுலயும் தூங்குறா பாரு" என்று எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன்! இப்போது அதை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் தன்னைப் புதிதாய் ஒரு படம் எடுத்துத் தபாலில் போடும்படி செல்வியிடம் சொல்லியிருக்கிறேன். என் பட்டன் போனில் படம் வராது.

நீயும் ஒன்று அனுப்பேன்டி. கண்ணை நன்றாகத் திறந்து எடுத்தது.